தாத்தாவின் அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக்: போடலாமா, வேண்டாமா?

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் நகரும்போது, கூட்டத்தின் கண்கள் எல்லாம் மேலே அலங்காரத்தில்தான் இருக்கும். வடம் பிடிப்பவர்கள் முன்னே பார்த்து இழுப்பார்கள். சக்கரத்தை ஒட்டி, குனிந்த தலை நிமிராமல் நடக்கிற சிலரை மட்டும் யாரும் அதிகம் கவனிப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும், வேகத்தைக் குறைப்பதும், நிலையில் நிறுத்துவதும் அந்தக் கட்டையை எந்த நொடியில், எந்தக் கோணத்தில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான்.

திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. ஆனாலும் முட்டுக்கட்டை போடுபவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. புது பிரேக் ஒரு பக்கம், பழைய கட்டை ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் தேர் ஓடுகிறது.

பழையதில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்ற இதே கேள்வி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய கார் நிற்கிற வீடுகளிலும் உண்டு. தாத்தா வாங்கிய அம்பாசடர், அப்பா ஓட்டிப் பழகிய பத்மினி, மாமா ஆசையாக வாங்கிப்போட்ட கான்டெஸா. வண்டியை விற்க மனம் வராது. ஓட்டினால் பிரேக்கை நினைத்துப் பயம். “டிஸ்க் பிரேக் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பான் பேரன். “கம்பெனி கொடுத்ததில் கை வைக்காதே” என்பார் தாத்தா. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, இருவருமே சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தக் காலத்து பிரேக், இந்தக் காலத்து ரோடு

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அம்பாசடர். 1950-களின் கடைசியில் தொடங்கிய தயாரிப்பு 2014-ல்தான் நின்றது. ஃபியட் 1100 வழியில் வந்தது பிரீமியர் பத்மினி. நம்மூர் ரோட்டை ஆண்ட இந்த வண்டிகளுக்கு, நீண்ட காலம் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அம்பாசடரில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது பிந்தைய மாடல்களில்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. அமெரிக்காவில் ‘மஸில் கார்’ என்று கொண்டாடப்பட்ட, பெரிய வி-8 இன்ஜின் வைத்த வண்டிகளே அறுபதுகளில் டிரம் பிரேக்கோடுதான் கடையை விட்டு வெளியே வந்தன. 1964-ல் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்குக்கும் நான்கு டிரம்கள்தான் சாதாரணமாக வந்தன. முன் டிஸ்க் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஓடுவதற்குக் கொடுத்த மரியாதையை நிற்பதற்குக் கொடுக்காத காலம் அது. இன்றைக்கும் அங்கே பழைய கார் பிரியர்கள் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவது.

நம் ஊரில் ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று செல்லமாக அழைக்கப்படுவது, 1984-ல் வந்த கான்டெஸா. நீளமான பானெட், அகலமான முகம் எல்லாம் உண்டு. ஆனால் ஆரம்ப கால கான்டெஸாவுக்குள் இருந்தது அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜின்தான்!

வண்டி அப்படியே இருக்கிறது, ரோடு மாறிவிட்டது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இருக்கிற ஊர்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் 40-ல் போன ரோட்டில் இன்று சர்வசாதாரணமாக 80-ல் போகிறார்கள். 2019 ஏப்ரலில் இருந்து விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். முன்னால் போகிற சின்னக் கார் சட்டென்று நின்றுவிடும். பின்னால் வருகிற அம்பாசடரும் அதே தூரத்துக்குள் நின்றாக வேண்டும்.

டிரம் ஏன் கைவிடுகிறது?

டிரம் பிரேக் எளிமையான விஷயம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஓர் இரும்புக் கிண்ணம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் வீல் சிலிண்டர் ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளும். ஷூ மீது ஒட்டியிருக்கும் லைனிங் கிண்ணத்தின் உட்புறத்தில் உரசும். வண்டி நிற்கும்.

இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. சுற்றுகிற டிரம், முன்னோக்கிய ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். மனிதன் கொடுக்கும் அழுத்தத்தை பிரேக்கே பெருக்கித் தரும். அதனால்தான் பூஸ்டர் எதுவும் இல்லாமலே அவ்வளவு கனமான வண்டிகளை அந்தக் காலத்து டிரைவர்கள் காலால் மட்டும் நிறுத்தினார்கள்.

சிக்கல் சூட்டில் வருகிறது. பிரேக்கின் வேலையே ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ இருக்கும் ஒரு வண்டி 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது உண்டாகும் சூடு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு இவ்வளவு! வேகம் 40 ஆக இருந்தால் இதில் பாதி அல்ல, கால்வாசிதான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும்.

இப்போது கொடைக்கானலில் இருந்து குடும்பத்தோடு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கும் வத்தலக்குண்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,800 மீட்டர். அதே 1,500 கிலோ வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது கரைக்க வேண்டிய ஆற்றல், சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. கியரைக் குறைத்துப் போட்டு இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் தாங்கும். டாப் கியரிலோ நியூட்ரலிலோ வந்தால் ஏறக்குறைய எல்லாம் பிரேக்கின் தலையில்தான்.

மூடிய கிண்ணத்துக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இரும்பு விரியும். விரிந்தால் ஷூவை விட்டு விலகும். பெடல் முன்பைவிட ஆழமாகப் போகும். லைனிங்கும் அதிகச் சூட்டில் உரசும் தன்மையை இழக்கும். மிதிக்க மிதிக்க வண்டி கேட்காது. மழையில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தாலும் இதே கதைதான், காயும் வரை பிடிக்காது.

செங்கோட்டையைத் தாண்டி புளியரை எஸ் வளைவிலும், கேரளப் பக்க இறக்கத்திலும், குமுளி மலைப்பாதையிலும் பழைய வண்டிக்காரர்கள் கியரை விடாமல் இறங்குவது பயத்தால் அல்ல, அனுபவத்தால்.

டிஸ்க் செய்வது என்ன?

டிஸ்க் பிரேக்கில் கிண்ணம் இல்லை, தட்டு. அதை இரண்டு பக்கமும் காலிப்பர் என்ற கவ்வி, பேட் வைத்துப் பிடிக்கிறது. சைக்கிள் ரிம்மை ரப்பர் கட்டை பிடிப்பது போல. தட்டு திறந்தவெளியில் இருப்பதால் காற்று பட்டு ஆறும். தண்ணீர் பட்டால் சுற்றும் வேகத்தில் சிதறிவிடும். சூட்டில் தட்டு தடிக்குமே தவிர, பேடை விட்டு விலகாது.

இந்த யோசனை புதிதல்ல. 1902-லேயே இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது 1953-ல். டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் கார் ஃபிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. வேகமாக ஓடியது மட்டும் காரணமல்ல. மற்றவர்களைவிடத் தாமதமாக பிரேக் பிடித்தும், விடிய விடிய அதே பிரேக்கை நம்பியும் ஓட்ட முடிந்தது. 1955-ல் சிட்ரோயன் டிஎஸ் கார் மூலம் அது சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்தது.

இந்தத் தொழிலில் நம் மாநிலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மதுரையில் 1911-ல் வேர்விட்ட டிவிஎஸ் குழுமம், இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1962-ல் சென்னை பாடியில் தொடங்கியது பிரேக்ஸ் இந்தியா. 1974-ல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில் வேர்விட்டதுதான்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். டிஸ்க் போட்டதும் வண்டி பாதி தூரத்தில் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. ஒரு தடவை நிறுத்துவது என்றால், நன்றாக வைத்திருக்கிற டிரம்மும் சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிதான் எல்லை. டிஸ்க்கின் லாபம் பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே பிடிப்பது, மழையில் பிடிப்பது, ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்பது ஆகியவைதான்.

முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள்

பழைய வண்டி பார்க்கிற பட்டறைகளில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அண்ணாச்சி, இதுக்கு டிஸ்க் போட்டுரலாமா?”

“போடலாம் தம்பி. இப்ப இருக்கிற பிரேக்கைக் கடைசியா எப்ப கழட்டிப் பார்த்தீங்க?”

தம்பியிடம் பதில் இருக்காது. வருஷக்கணக்கில் போர்டிகோவில் நின்ற வண்டியில் டிரம் பிரேக் சரியில்லை என்றால், பல நேரம் குற்றம் டிரம்மில் இல்லை, கவனிப்பில்தான். வீட்டிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனைகள் உண்டு. வண்டி சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜின் ஓட வேண்டாம்.

* பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.
* பஞ்சு போல மெத்தென்று இருந்தால் குழாயில் காற்று இருக்கிறது.
* இரண்டு மூன்று தடவை பம்ப் செய்தால்தான் பெடல் மேலே வருகிறதென்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.
* ஓடும்போது ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரத்தில் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம்.

அடுத்தது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 140-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அந்தச் சூட்டில் திரவம் கொதித்துக் குமிழி வந்தால், பெடல் தரையைத் தொடும். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் போய்விடும்.

பழைய அம்பாசடர்களில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். பானெட்டைத் திறந்தால் கண்ணில் படாது. அதனாலேயே பல வண்டிகளில் வருடக்கணக்கில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கை குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதும் பழக்கம் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போட வேண்டும். வேலை செய்பவர் முகக்கவசம் போட வேண்டும்.

ஒரே குழாயில் நாலு உயிர்

டிரம்மா டிஸ்க்கா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம், ஒரே வழி. ஒரு சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

பிற்காலக் கார்களில் இரட்டை அறை கொண்ட ‘டேண்டம்’ மாஸ்டர் சிலிண்டர் வந்தது. முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி. ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். திருவாரூரில் ஹைட்ராலிக் பிரேக்கோடு முட்டுக்கட்டையும் நடக்கிறதே, அதே புத்திதான் இது. டிஸ்க் போட மனமில்லாத தாத்தாக்கள்கூட இந்த ஒரு மாற்றத்தைப் பற்றி மெக்கானிக்கிடம் கேட்கலாம். கூடவே ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடலாம். பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ்கூட உள்ளுக்குள் ஊதி அடைத்திருக்கும்.

டிஸ்க் போட்டே ஆக வேண்டும் என்றால்…

சரி, எல்லாம் யோசித்து டிஸ்க்தான் என்று முடிவாகிவிட்டது. இங்கேதான் பல வண்டிகள் முன்பைவிட ஆபத்தாகிவிடுகின்றன. தட்டையும் காலிப்பரையும் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் காரணம். பிரேக் என்பது தனிச் சாமான் அல்ல. ஒன்றை மாற்றினால் நான்கைந்து மாற வேண்டும்.

பூஸ்டர்: டிரம் போலத் தானாக இறுக்கிக்கொள்ளும் குணம் டிஸ்க்குக்கு இல்லை. காலால் மட்டும் மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருக்கும். எனவே வேக்குவம் பூஸ்டர் வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அந்த வேக்குவம் இன்ஜினிலேயே கிடைக்கும். டீசல் இன்ஜினில் கிடைக்காது, தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். நம் பக்கம் டீசல் அம்பாசடர்கள் நிறைய என்பதால் இதை மறக்கவே கூடாது. பூஸ்டர் வைத்த பிறகு இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டும் பழக்கமும் போக வேண்டும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டர் வேலை செய்யாது.

மாஸ்டர் சிலிண்டர்: காலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதற்கு அதிகத் திரவம் வேண்டும். பழைய சிலிண்டர் போதாது. ரொம்பப் பெரிய சிலிண்டர் வைத்தால் அழுத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு வேண்டும். இன்னொன்று, டிரம்முக்கான சிலிண்டருக்குள் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அது அப்படியே இருந்தால் பேட் எந்நேரமும் தட்டை உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் போனதும் சக்கரம் தொட முடியாத சூடாகும்.

முன் – பின் சமநிலை: முன்னால் டிஸ்க், பின்னால் பழைய டிரம். அவசரத்தில் மிதிக்கும்போது எடை முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகும். அந்நேரம் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி தட்டாமாலை சுற்றும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் புரொபோர்ஷனிங் வால்வு இதற்குத்தான். அதைச் சரியாக அமைத்து, ஆளில்லாத காலி இடத்தில் சோதித்த பிறகே ரோட்டுக்கு வர வேண்டும்.

ஹப், பேரிங், வீல்: காலிப்பர் வீல் ரிம்மின் உட்புறத்தில் இடிக்கக் கூடாது. இடிக்கிறதென்று ஸ்பேஸர் வைத்து வீலை வெளியே தள்ளினால் பேரிங் மீது சுமை ஏறும், ஸ்டியரிங் குணம் மாறும்.

குழாய்: இரும்புக் குழாயின் முனையை அதற்கான கருவியில் இரட்டை மடிப்பாக மடித்து எடுக்க வேண்டும். பற்றவைத்து ஒட்டுப்போட்ட குழாய், நெகிழ்ந்து சக்கரத்தில் உரசும் ஹோஸ் ஆகிய இரண்டுக்கும் இங்கே இடமில்லை.

அமெரிக்காவில் மஸ்டாங் போன்ற வண்டிகளுக்கு இவை எல்லாம் ஒரே பெட்டியில், ஒன்றுக்கொன்று பொருந்துமாறு கிட்டாக விற்கிறார்கள். நம் ஊர்ப் பழைய வண்டிகளுக்கு அப்படி எளிதில் கிடைப்பதில்லை. ஒரு வண்டியின் தட்டு, இன்னொன்றின் காலிப்பர், மூன்றாவதின் பூஸ்டர் என்று சேர்க்க நேரும். காலிப்பரைத் தாங்க லேத்தில் தகடு வெட்டி, வெல்டிங் வைத்துப் பொருத்துவதும் நடக்கிறது. அவசர பிரேக்கில் முழு விசையும் அந்தத் தகட்டின் மீதுதான் வரும். அந்த வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முடிந்தவரை, அதே காரின் பிந்தைய மாடலில் கம்பெனியே போட்ட முன் டிஸ்க் அமைப்பை, ஹப்போடு முழுதாகத் தேடிப் பொருத்துவதே பாதுகாப்பான வழி.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வேலையைக் கொடுக்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

1. இதே மாடலுக்கு முன்பு செய்திருக்கிறீர்களா? அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கலாமா?
2. மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் எந்த வண்டியுடையது? பிஸ்டன் அளவு என்ன?
3. பின் சக்கர அழுத்தத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?
4. சேஸிஸில் வெட்டு, வெல்டிங் உண்டா, போல்ட் மட்டும்தானா?
5. ஐந்து வருடம் கழித்து பேட் தேய்ந்தால் மதுரையிலாவது அது கிடைக்குமா?

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து தடவை பெடலை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. முதல் சில நாட்கள் மெதுவான வேகத்தில், இடைவெளி விட்டுவிட்டு பிரேக் போட்டு, பேடும் தட்டும் ஒன்றோடொன்று பழக விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா இணைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே வலியுறுத்தியது. ஆர்சி புத்தகத்தில் பிரேக் வகை தனியாக எழுதப்படுவதில்லை என்றாலும், நாமாக முடிவுசெய்துகொள்ளாமல், வேலைக்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்பது நல்லது. 15 வருடம் தாண்டிய சொந்த காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டி எப்படியும் அவர்கள் பார்வைக்குப் போகத்தான் வேண்டும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் சிக்கலாகலாம்.

50 வருடம் தாண்டிய வண்டி என்றால் இன்னொரு யோசனையும் தேவை. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்கும் வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான். அந்த வழியில் போக நினைப்பவர்கள் பழைய அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. மாற்றுகிறவர்களும் கழற்றிய டிரம், ஷூ, சிலிண்டர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி, பேர் எழுதி, பெட்டியில் போட்டு வையுங்கள். பழைய இரும்புக்கடைக்குப் போனால் திரும்ப வராது.

யாருக்கு எது?

கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்குள் நாலு தெரு சுற்றுகிற வண்டி என்றால் டிஸ்க் வேண்டியதில்லை. நல்ல லைனிங், வட்டம் மாறாத டிரம், புது ஹோஸ், புது பிரேக் ஆயில் போதும். முடிந்தால் டேண்டம் சிலிண்டர்.

மாதம் ஒருமுறை மதுரைக்கும், வருடம் ஒருமுறை மலைக்கும் குடும்பத்தோடு போகிற வண்டி என்றால் டிஸ்க் அர்த்தமுள்ள செலவு. ஆனால் முழுதாகச் செய்ய வேண்டும். பணம் பாதிக்குத்தான் இருக்கிறது என்றால், அந்தப் பாதியில் டிரம்மை முழுதாகச் சரிசெய்துகொண்டு, மீதி சேரும் வரை மலைக்கு பஸ்ஸில் போவதே புத்திசாலித்தனம்.

எந்த பிரேக் ஆனாலும் ஒரு கணக்கு மாறாது. 80-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் பெடலுக்குப் போவதற்குள் அந்த 22 மீட்டர் போய்விடும். அதைக் குறைக்கிற பிரேக்கை எந்த பட்டறையிலும் பொருத்த முடியாது. முன் வண்டிக்குப் பின்னால் இடைவெளி விட்டு ஓட்டுகிறவரிடம் மட்டும்தான் அது இருக்கிறது. தாத்தா இத்தனை வருஷமும் அந்த வண்டியைப் பத்திரமாக ஓட்டியது அந்தப் பழக்கத்தால்தான். டிஸ்க் போட்டாலும், பேரன் அதை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.